சித்தப்பாவின் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் திரும்பி வராத மூன்று பிக்அப்களும்

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று உங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்கு மேலோ கிடந்தால், அதைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த், மெரிபேங்க், ஃபீனிக்ஸ் பக்கங்களில் அப்படிப்பட்ட கிட்டார்கள் இன்னும் பல இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் கல்யாணங்களில் வாசித்த ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போதுதான் அந்தப் பெட்டிகளைத் திறக்கிறார்கள். எங்கள் வீட்டில் திறந்த பெட்டியில் ஒரு லட்சம் ராண்டுக்கு மேல் கை நழுவிப் போயிற்று. இதைப் பற்றித் தமிழில் எங்கேயாவது யாராவது நாலு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று அப்போது தேடினேன். கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

சித்தப்பா டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்தவர். மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்து, அங்கிருந்த குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்குக் கிளப்பியபோது கூடவே வந்தவர். வார நாள்களில் வேலை, சனி ஞாயிறுகளில் ஆர்கெஸ்ட்ரா. டர்பன் துறைமுகத்துக்கு வந்துபோன யூனியன் காசில் கப்பல்களில் வாத்தியக் குழுக்கள் இருக்கும். அப்படி ஒரு குழுவில் வாசித்த வெள்ளைக்காரரிடம் தவணையில் வாங்கியது இந்தக் கிட்டார் என்பது வீட்டில் வழங்கிவரும் கதை. கீபோர்டு வந்து கிட்டார்காரர்களை ஓரங்கட்டிய காலத்தில் பெட்டியை மூடியவர், பிறகு பெரும்பாலும் திறக்கவே இல்லை. அவர் காலமான பிறகு, வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அதை விற்றுக் கொடுப்பா என்று சித்தி என்னிடம் ஒப்படைத்தார். பெட்டியைத் திறந்ததும் குப்பென்று கற்பூர வாசனை. பூச்சி வராமலிருக்க உள்ளே கற்பூரம் போட்டு வைத்திருப்பார் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். தேடிப் பார்த்தால் ஒரு வில்லைகூட இல்லை.

உடலையும் கழுத்தையும் இணைக்கும் இடத்தில், பின்பக்கம், நான்கு திருகுகளுள்ள ஒரு உலோகத் தகடு இருக்கும். அதில் எல் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் பொறித்திருந்தது. இதைச் செய்த அமெரிக்க நிறுவனமான ஃபெண்டர் 1962 இறுதியிலிருந்து 1965 வரை இந்த வரிசையைப் பயன்படுத்தியது. அந்த ஆண்டுகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது தெரிந்தால்தான் மற்றவை புரியும். சித்தப்பாவிடம் இருந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி முதலில் 1954இல் வந்தது. அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் தம் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதன் பிறகு உற்பத்தி பெருகியது, தரம் படிப்படியாகக் குறைந்தது என்பது வாசிப்பவர்களின் பொதுத் தீர்ப்பு. தலைப்பகுதி பெரிதாயிற்று, 1968 வாக்கில் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சுக்குப் பதில் தடித்த பாலியெஸ்டர் வந்தது, 1971இல் கழுத்தைப் பிடிக்கும் நான்கு திருகு மூன்றாயிற்று. எனவே சிபிஎஸ்ஸுக்கு முந்தியதா, பிந்தியதா என்பதுதான் எவரும் கேட்கும் முதல் கேள்வி. ஃபெண்டரின் போட்டி நிறுவனமான கிப்சன் பக்கத்திலும் இப்படி ஒரு பொற்காலம் உண்டு. 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் கிட்டார்கள் அன்று சரியாக விற்காமல் நிறுத்தப்பட்டவை. இன்று அவற்றின் விலை ஒரு நல்ல வீட்டின் விலை.

பழையதன் ஒலி உண்மையிலேயே உயர்ந்ததா? நான் வாசிப்பவன் அல்ல. வாசிப்பவர்கள் பலரிடம் கேட்டுவிட்டேன். காய்ந்த மரம், மெல்லிய பூச்சு, ஆண்டுக்கணக்கில் சற்றே வலிமை இழந்த காந்தங்கள் என்று காரணம் அடுக்குவார்கள். கண்ணைக் கட்டிவிட்டு வாசித்துக் காட்டினால் புதியதையும் பழையதையும் பிரித்துச் சொல்லத் திணறுவார்கள் என்பதையும் அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். சேகரிப்பவர்கள் வேறு இனம். அவர்கள் பணம் கொடுப்பது ஒலிக்கு அல்ல, எவரும் கை வைக்கவில்லை என்ற நிச்சயத்துக்கு. தொழிற்சாலையில் வைத்த ஈயப் பற்று அப்படியே இருக்கிறதா, திருகின் பள்ளத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். மறுவண்ணம் பூசியிருந்தால் விலையில் ஏறத்தாழ பாதி போய்விடும் என்பது இத்தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. தலைப்பகுதி உடைந்து ஒட்டிய கிப்சனுக்கும் அதே கதிதான்.

விதிவிலக்கு உண்டு, நீங்கள் உலகப் புகழ்பெற்ற ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனாக இருந்தால். அவர் 1970இல் நாஷ்வில்லில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் மூன்றைக் கழற்றி, நல்ல பாகங்களை மட்டும் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டார். 'பிளாக்கி' என்ற அந்தக் கிட்டார் 2004இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போயிற்று. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோருடைய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கழுத்து முதல் பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வரை அவர் மாற்றாத பாகம் குறைவு. 2019இல் அது 39,75,000 டாலர். எங்கள் சித்தப்பா மெரிபேங்க் மண்டபங்களில் வாசித்தவர். அவருடைய கிட்டாரில் ஒரு திருகு மாறினாலும் விலை இறங்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது பிற்பாடுதான். ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் அசலாக இருந்தால் 2,90,000 ராண்ட் தருகிறேன் என்றார். அதற்கு முன் யாராவது தெரிந்தவரிடம் காட்டி, மதிப்புச் சான்று ஒன்று எழுதி வாங்கி வைக்கும்படியும் சொன்னார். நியாயமான பேச்சு. கடல் உப்புக்காற்றில், உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் சின்னத் திருகுகள் துருவேறி இறுகியிருந்தன, வால்யூமைத் திருகினால் கரகரவென்றது. அதையும் சேர்த்துச் சரிபார்க்கட்டும் என்று, பலரும் நல்லபடியாகச் சொன்ன ஒரு கடையில் கொடுத்தேன். தொடர்புகளைச் சுத்தம் செய்ய வேண்டும், புதுக் கம்பி மாட்ட வேண்டும், சான்று எழுத வேண்டும், வேறெதையும் மாற்ற வேண்டாம்: இவ்வளவுதான் சொன்னது. கூலி 6,500 ராண்ட். சொன்ன தேதி தள்ளித் தள்ளிப் போய், ஒருவழியாகக் கிட்டார் வந்தது. முகப்பில் பதித்திருக்கும் பிளாஸ்டிக் தகடு, பிக்கார்டு என்பார்களே, அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. முன்பு அது லேசாகப் பச்சை பாய்ந்தது போல இருக்கும். கேட்டேன். "அழுக்கை எடுத்தோம், அதனால்தான் வெளுப்பாகத் தெரிகிறது" என்றார்கள். நம்பும்படியாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தபோது சித்திதான் முதலில் சொன்னார்: "என்னப்பா, கற்பூர வாசனையே இல்லையே?"

அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1965 தொடக்கம் வரை ஃபெண்டர் பிக்கார்டுகளைச் செல்லுலாய்டில் செய்தார்கள். செல்லுலாய்டை இளக்கத் தொழிற்சாலையில் சேர்ப்பது கற்பூரம். ஆண்டுகள் ஓட ஓட அந்தப் பிளாஸ்டிக் பச்சை கலந்த பழுப்பாகும், சுருங்கும், சுருங்குவதால் திருகுத் துளையருகே விரிசல் விடும், மூடிய பெட்டிக்குள் கற்பூரம் மணக்கும். பின்னாளில் வந்த வினைல் தகட்டில் இவை எதுவும் இல்லை. எங்கள் பிக்கார்டில் கழுத்துப் பக்கத் திருகருகே ஒரு விரிசல் இருந்தது. திரும்பி வந்ததில் விரிசலும் இல்லை.

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அமைப்பு திருடுபவனுக்கு எவ்வளவு வசதி என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று பிக்அப், மூன்று குமிழ், ஒரு சுவிட்ச் எல்லாமே அந்த ஒரே தகட்டில்தான் தொங்குகின்றன. பதினொரு திருகைக் கழற்றி, வெளியே போகும் கம்பிகளையும் நிலக் கம்பியையும் சூடு வைத்துப் பிரித்தால் கிட்டாரின் மொத்த மின்பகுதியும் கையோடு வந்துவிடும். அதே இடத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிந்திய ஒன்றை வைத்துத் திருகிவிடலாம். கைதேர்ந்தவனுக்கு அரை மணி நேர வேலை. அறுபதுகளின் முழுத் தகடு ஒன்று மட்டும் வெளிநாட்டில் பல ஆயிரம் டாலருக்கு விற்கிறது.

ஜோகன்னஸ்பர்க்காரர் நேரில் வந்தார். சமையலறை மேசையில் துண்டை விரித்துத் தகட்டைத் தூக்கினார், ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரைக் காட்டினார். அதன் உலோக முதுகில் 137-7831 என்று பொறித்திருந்தது. முதல் மூன்று எண்கள் செய்தவர் யார் என்பதைச் சொல்கின்றன. 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். அதாவது 1978ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். பிறகு கழுத்தைக் கழற்றினார். அடிமுனையில் மை முத்திரை தெளிவாக இருந்தது: 2 ஜூன் 64 பி. இங்கே 2 என்பது தேதி அல்ல, ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கான மாதிரி எண். பி என்பது கழுத்தின் அகலம். 1964இன் கழுத்தும் உடலும், 1978இன் மின்பகுதியும். பிக்அப் காந்தங்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அறுபதுகளில் ஆறு காந்த முனைகளும் ஏற்ற இறக்கமாக நிற்கும். எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து சமமாக இருக்கும். என் விரலுக்குச் சமமாகத்தான் தட்டுப்பட்டது. பிக்கார்டுக்கு அடியில் இருக்க வேண்டிய முழு அலுமினியத் தகடும் காணவில்லை. "உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணே, ஆனால் இந்த விலைக்கு என்னால் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்காமலேயே எழுந்து போனார்.

எனவே கடையில் கொடுக்கும் முன் முதல் வேலை படம் எடுப்பது. கைப்பேசி போதும். திருகுகளைக் கழற்றி, பிக்கார்டை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தை எடுங்கள்: மூன்று பொட்டென்ஷியோமீட்டர்களின் எண்கள், ஈயப் பற்று ஒவ்வொன்றும், துணி சுற்றிய கம்பிகள், பிக்அப்களின் அடித்தகட்டு நிறம். அறுபதுகளின் நடுவில் அது கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியதால் அதுவும் ஒரு அடையாளம். கழுத்தைக் கழற்றிப் பழக்கம் இல்லாவிட்டால் நீங்களாகக் கை வைக்க வேண்டாம், தெரிந்தவர் உங்கள் கண் முன்னால் கழற்றட்டும். விரிசல், கீறல், சிகரெட் சுட்ட வடு எல்லாவற்றுக்கும் கிட்டத்துப் படம் வேண்டும்; கைரேகை மாதிரி அவைதான் பின்னால் சாட்சி சொல்லும். பொட்டென்ஷியோமீட்டரின் ஆண்டும் கழுத்தின் ஆண்டும் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பதற வேண்டாம். ஃபெண்டர் 1966இல் அவற்றைப் பெருமளவில் வாங்கிக் குவித்தது, அதனால் 1969 கிட்டாரிலும் 1966இன் எண் வரும். கழுத்தை விடப் பல ஆண்டு பிந்திய எண் வந்தால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். படங்களை அச்செடுத்துக் கடைக்காரரின் கையெழுத்தை அதன் மீதே வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிற கடையிலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடலாம்.

என்னிடம் இருந்தவை இரண்டே காகிதங்கள். 1967இல் ஒரு கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்; அதில் சித்தப்பா மாலையோடு நிற்கும் மாப்பிள்ளைக்குப் பின்னால் பாதி மறைந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். அதைப் பெரிதாக்கினால் கிட்டார் தெரியும், விரிசல் தெரியாது. இன்னொன்று கடைக்காரர்களே எழுதிக் கொடுத்த ரசீது. கிட்டாரை வாங்கி வைத்த பையன் நேர்மையாகவோ தன் தலைக்கு எதுவும் வரக்கூடாதென்றோ, பிக்கார்டில் விரிசல் இருக்கிறது என்று ஓரத்தில் குறித்திருந்தான். அந்தப் பையன் நன்றாயிருக்கட்டும். அது இல்லாவிட்டால் என் வழக்கு வெறும் வாசனை வழக்காகவே முடிந்திருக்கும். கடை முதலாளியிடம் கற்பூரத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது.

அந்த மாதங்கள் நன்றாக இல்லை. உறவினர்களில் ஒருவர், நான் பாகங்களை விற்றுவிட்டுக் கடைமேல் பழி போடுகிறேன் என்று சித்தி காதில் விழும்படியே பேசினார். சித்தி ஒரு நாளும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இரவில் எழுந்து அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடியதில் நல்லது ஒன்று அகப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, பழுதுபார்ப்பவர் கழற்றிய பாகங்களைத் தனியாக வைத்து, வேண்டாம் என்று நுகர்வோர் சொன்னாலொழிய, அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. கார் மெக்கானிக் பழைய பாகத்தை நம்மிடம் காட்டுவதும் இதன் கீழ்தான். 15ஆம் பிரிவு, நம் ஒப்புதல் இல்லாத வேலைக்குப் பணம் கேட்கக் கூடாது என்கிறது. ஆக, 'நல்லதாக மாற்றிப் போட்டோம்' என்று அவர்கள் சொன்னாலும், பழையது எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வக்கீல் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. ஆனால் உச்சவரம்பு 20,000 ராண்ட். அதற்கு மேற்பட்டதை விட்டுக்கொடுத்தால்தான் அங்கே போகலாம். என் நஷ்டத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போக வேண்டும், அங்கே வக்கீல் கூலி நஷ்டத்தைத் தாண்டிப் போகலாம் என்று ஒரு வக்கீலே ஒளிவில்லாமல் சொன்னார். 4,000 ராண்டுக்கு 67ஆம் பிரிவை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் மட்டும் அனுப்பினோம், ரசீதின் நகலோடு.

அது வேலை செய்தது, பாதி. பட்டறை இழுப்பறை ஒன்றில் 'தவறுதலாக' இருந்ததாகச் சொல்லி ஒரு அட்டைப்பெட்டி வந்தது. திறக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. விரிசலோடு பிக்கார்டு, அலுமினியத் தகடு, 304-6419 என்று பொறித்த மூன்று பொட்டென்ஷியோமீட்டர்கள், சுவிட்ச். பிக்அப்கள் மட்டும் இல்லை. அவை எப்போதுமே 1978ஆம் ஆண்டுப் பிக்அப்கள்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். இல்லையென்று நிரூபிக்க என்னிடம் படம் இல்லை. வக்கீலைக் கேட்டேன், அவர் தோளைக் குலுக்கினார். அத்தோடு விட்டேன். காப்பீட்டையும் முயன்று பார்த்தேன்: வீட்டுக் காப்பீட்டில் விலையுயர்ந்த வாத்தியத்தைப் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்திருந்தால் மட்டுமே ஏதாவது கிடைக்கும், நாங்கள் சேர்த்திருக்கவில்லை.

விற்கும்போது வெளிநாட்டிலிருந்தும் கேட்டார்கள். அக்காலத்து ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விரல்பலகை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் கொடுத்த விலக்கு இதற்கு இல்லை. அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிபோகும். காகிதம் வாங்கக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை, உள்நாட்டிலேயே விற்றுவிட்டோம். வாசிப்பதற்காகவே வாங்கிய ஒருவர் 1,75,000 ராண்ட் கொடுத்தார். அவருக்கு அசல் பிக்அப் பற்றிப் பெரிய கவலை இல்லை, கழுத்தின் வடிவம் கைக்குப் பிடித்துவிட்டது. பூச்சைக் காட்டி, ரப்பர் தாங்கியில் சாய்த்து வைக்காதீர்கள், அந்த அரக்கு ரப்பரோடு ஒட்டி இளகிவிடும் என்று நான் சொல்ல, அவர் சிரித்தார். அதற்குள் எனக்கே இவ்வளவு தெரிந்துவிட்டிருந்தது.

போகும்போது, பிரிட்ஜை மூடும் குரோம் மூடி இருக்கிறதா என்று கேட்டார். வாசிக்க இடைஞ்சல் என்று எல்லோரும் அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள், சாம்பல் தட்ட வைத்துக்கொள்வார்கள், அதனால்தான் இன்று கிடைப்பது அரிது என்றார். சித்தி உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து பொத்தான்களைக் கொட்டிவிட்டு அதை எடுத்து வந்தார். அதற்குத் தனியாக 3,500 ராண்ட். கூரை வேலை மழைக்கு முன்பே முடிந்தது.